மணிவிழாவுக்கு உலகம் சுற்றலாமா? விமான டிக்கெட் கேள்வி பதில்

1966-67இல் பராபவ வருஷத்தில் பிறந்தவர்களுக்கு 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ பிறக்கிறது. திருக்கடையூரில் மணிவிழாவை முடித்த கையோடு, மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொண்டு உலகத்தை ஒரு சுற்று சுற்றி வரலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டிக்கெட் போடுவதுதான் என் தொழில். அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்து, தெரிந்த வரைக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): ஒரே டிக்கெட்டில் உலகம் முழுக்கச் சுற்றலாம் என்கிறார்களே, உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கிறதா சார்?

இருக்கிறது. முன்பு பான் ஆம் கம்பெனி தன் சொந்த விமானங்களிலேயே பூமியைச் சுற்றி சர்வீஸ் நடத்தியது. 1947 ஜூனில் தொடங்கிய அந்த வழியில் கல்கத்தாவும் ஒரு நிறுத்தம். இன்றைக்குத் தனி ஒரு கம்பெனி அப்படிச் செய்வதில்லை, பல விமான கம்பெனிகள் கைகோத்த கூட்டணிகள்தான் செய்கின்றன. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் இரண்டும் 'ரவுண்ட் தி வேர்ல்ட்' டிக்கெட் விற்கின்றன.

விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். கிழக்கே கிளம்பினால் கிழக்கேயே போக வேண்டும், மேற்கே என்றால் மேற்கே. பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். அதிகபட்சம் 16 விமானங்கள், ஒரு வருஷத்துக்குள். ஸ்டார் அலையன்ஸில் மைல் கணக்கு: 29,000, 34,000, 39,000 என்று படி ஏற ஏற விலையும் ஏறும். ஒன்வேர்ல்டின் டிக்கெட்டுக்கு 'எக்ஸ்ப்ளோரர்' என்று பெயர், அதில் எத்தனை கண்டம் தொடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. மூன்றிலிருந்து ஆறு வரை. இரண்டு கூட்டணிகளின் இணையதளத்திலும் ஊர்களைத் தட்டிப் போட்டால் வழி விதிக்குள் அடங்குகிறதா, விலை என்ன என்று காட்டிவிடும். ஏஜென்டிடம் போகும் முன் ஒரு மாலை அதில் உட்காருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): இதுதான் மலிவா? தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் குறையுமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான், எந்த ஏஜென்டும் நேராகப் பதில் சொல்லாத கேள்வியும் இதுதான். எகானமியில் நாலைந்து ஊர், ஒரு மாதப் பயணம் என்றால் பெரும்பாலும் தனித்தனி டிக்கெட்டே மலிவு. சென்னையிலிருந்து பாங்காக்; பாங்காக்கிலிருந்து டோக்கியோ, அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டுக்கும் ஜிப்ஏர். அது ஜப்பான் ஏர்லைன்ஸின் மலிவு விலைக் கம்பெனி. நியூயார்க்கிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு நோர்ஸ் அட்லாண்டிக். கடைசியில் வீட்டுக்கு வளைகுடா வழியாக ஒரு ஒருவழி டிக்கெட். இவர்கள் ஒருவழிக்கு ஒருவழி விலையே கேட்பார்கள். பழைய பெரிய கம்பெனிகள் சிலவற்றில் ஒருவழி டிக்கெட் ரிட்டர்னை விட அதிகமாக இருக்கும் கூத்தையும் பார்க்கலாம்.

கூட்டணி டிக்கெட் எங்கே ஜெயிக்கும்? பிசினஸ் கிளாஸில். எட்டுப் பத்து ஊர் இறங்கினால். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா என்று தெற்கே இறங்கினால். மூன்று நாலு மாதம் ஊர் சுற்றி, தேதியை அடிக்கடி மாற்றும் எண்ணமிருந்தால். மணிவிழாவுக்குப் பிள்ளைகள் சேர்ந்து பிசினஸ் கிளாஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், கூட்டணிதான்.

தனித்தனியாக எடுப்பதில் ஒரு ஆபத்து. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால், இரண்டாவது கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார். பெட்டியையும் ஒவ்வொரு ஊரிலும் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டாதீர்கள், நடுவில் ஒரு இரவு தங்குங்கள்.

கேள்வி (திருச்சி): சென்னையிலிருந்து ஒரு மாதிரி வழி சொல்ல முடியுமா?

ஸ்டார் அலையன்ஸில்: சென்னை – சிங்கப்பூர் – டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ் – நியூயார்க் – பிராங்க்பர்ட் – சென்னை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏ.என்.ஏ., யுனைடெட், லுஃப்தான்ஸா. கூட்டினால் சுமார் 21,600 மைல். 29,000 படியில் இன்னும் ஏழாயிரத்துக்கு மேல் மிச்சமிருப்பதால் இஸ்தான்புல்லோ ரோமோ ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஊரில் இறங்கி ரயிலில் போய் இன்னொரு ஊரில் ஏறினாலும் அந்தத் தூரமும் மைலில் சேரும், மறந்துவிடாதீர்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் ஸ்டாப்ஓவர், அதற்குள் என்றால் டிரான்சிட். பணம் மிச்சம் பிடிக்க இதுவும் ஒரு வழி. லண்டனில் தங்கி, அங்கிருந்து நீண்ட தூர விமானம் ஏறினால் எகானமியிலேயே தலைக்கு 100 பவுண்டை ஒட்டி பயணி வரி விழும், பிசினஸில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதே லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால் அந்த வரி இல்லை. லண்டனைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பாருங்கள். ஆனால் கடைசி நீண்ட விமானத்தைப் பாரிஸிலோ பிராங்க்பர்ட்டிலோ ஏறுங்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): எங்க வீட்டுக்காரருக்கு நவம்பரில் அறுபது முடிகிறது. பிறந்தநாள் அன்றைக்கு எங்கே இருந்தால் விசேஷமாக இருக்கும்?

பசிபிக் மேலே இருங்கள் அம்மா, கிழக்கு நோக்கி. சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் அதே தேதி திரும்ப வரும். டோக்கியோவில் இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஹவாயில் ஹொனலூலுவில் அதே நாள் காலை ஒன்பது வாக்கில் இறங்குவீர்கள். டோக்கியோவில் ராத்திரிச் சாப்பாடு வரை கொண்டாடிவிட்டு, ஹவாயில் காலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். மேற்கே போனால் இதற்கு நேர் எதிர், பிறந்தநாளே விழுங்கப்பட்டுவிடும். அந்த ஒரு செக்டரின், அதாவது அந்த ஒரு விமானத்தின், தேதியை மட்டும் முதலில் பூட்டிவிட்டு மற்றதை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

கோயிலும் வேண்டுமென்றால் ஃபிஜி. நாந்தி நகரில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தென்னிந்தியர்களின் சந்ததி நடத்துவது. கோபுரம் முழுக்க வண்ணம். பிறந்தநாள் காலையில் அர்ச்சனை, ராத்திரி விமானம், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் மதியம். ஃபிஜி ஏர்வேஸ் இப்போது ஒன்வேர்ல்டில் முழு உறுப்பினர். ஆனால் எக்ஸ்ப்ளோரரில் தென்மேற்கு பசிபிக் தனிக் கண்டம், விலை ஒரு படி ஏறும்.

உடம்புக்கு மேற்கே போவதுதான் இதம், ஜெட்லாக் குறைவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு நாளாவது இருந்தால் கிழக்கும் தாங்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): டிக்கெட் எடுத்துவிட்டு விசாவுக்குப் போகலாமா, விசா வாங்கிவிட்டு டிக்கெட்டா?

அமெரிக்க விசா கையில் வரும் வரை பணம் கட்டாதீர்கள். பசிபிக்கைக் கடக்கும் விமானங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில்தான் இறங்குகின்றன. அங்கே டிரான்சிட்டுக்கும் விசா வேண்டும். விமானம் மாறுவதானாலும் இமிகிரேஷன் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே ஜெமினி மேம்பாலம் பக்கத்து கான்சுலேட்டில் இன்டர்வியூ தேதி எப்போது கிடைக்கிறதோ, அன்றைக்குத்தான் உங்கள் திட்டம் தொடங்குகிறது. கிடைத்தால் வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு.

அதற்குப் பிறகு வரிசை. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜப்பான் ஒற்றை நுழைவு விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதனால் முதலில் போகிற நாடாக இருந்தாலும் அந்த விசாவைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். இதில் பலர் யோசிக்காத சிக்கல், பாஸ்போர்ட் ஒன்றுதான் இருக்கிறது என்பது. ஷெங்கனுக்குக் கொடுத்தால் சாதாரணமாக 15 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை அடுத்த தூதரகத்துக்குப் போக முடியாது. நாலு விசாவுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒரு சின்ன லாபமும் உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம்.

கேள்வி (கொழும்பு): வணக்கம் அண்ணை. எங்கட பக்கத்திலிருந்து வெளிக்கிட்டால் விலை வித்தியாசமோ?

வித்தியாசம்தான் தம்பி. இந்த டிக்கெட்டின் விலை கிளம்பும் நாட்டைப் பொறுத்தது. அதே விமானம், அதே இருக்கை, விலை வேறு. ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டில் இருப்பதால் உங்களுக்கு வழி நேராக அமையும்: கொழும்பு – டோக்கியோ நரிட்டா – லாஸ் ஏஞ்சல்ஸ் – நியூயார்க் – லண்டன் – கொழும்பு. அஞ்சே விமானம், மூன்று கண்டம். சென்னைக்காரர்களும் கொழும்பு விலையை ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே போகவும் அங்கிருந்து வரவும் ஆகிற டிக்கெட்டை, ஹோட்டலைக் கூட்டிப் பார்த்த பிறகு லாபம் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பிரேசில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது. சான்றிதழ் இல்லாமல் அந்தப் பக்கமிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். தென் அமெரிக்கா ஆசை என்றால் சிலி போதும். அங்கே அந்தக் காய்ச்சல் இல்லை.

கேள்வி (சேலம்): நடுவில் உடம்பு சரியில்லாமல் போய் ஒரு ஊரில் கூடுதலாகத் தங்கினால்?

கூட்டணி டிக்கெட்டில் அதே வகுப்பில் இடமிருந்தால் தேதி மாற்றத்துக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வழியை மாற்றினால் டிக்கெட்டை மறுபடி போடுவதற்கான ரீ-இஷ்யூ கட்டணம் வரும். ஆனால் விமானம் கிளம்புவதற்கு முன் சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் ஒரு செக்டரை விட்டுவிட்டால் 'நோ ஷோ' ஆகி மீதி அத்தனையும் ரத்தாகும்.

கேள்வி (கும்பகோணம்): நாங்கள் சைவம். விமானத்தில் சாப்பாடு?

புக் செய்யும்போதே 'ஏ.வி.எம்.எல்.' என்று கேளுங்கள், அதுதான் இந்தியச் சைவச் சாப்பாடு. வெறும் 'வெஜ்' என்றால் சில கம்பெனிகளில் வேகவைத்த காய்கறியும் பழமும் வந்து நிற்கும். ஒவ்வொரு செக்டருக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி மாற்றினால் அது அழிந்துபோவது சகஜம், மறுபடி சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் எகானமிக்குப் பெரும்பாலும் சாப்பாடே கிடையாது. முறுக்கு, தட்டை எடுத்துப் போங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகிற பழத்தை மட்டும் இறங்கும் முன் தின்றுவிடுங்கள், கஸ்டம்ஸில் அபராதம் போடுவார்கள்.