கீழே போனால் பிள்ளை மலையை மறந்துவிடுமா?

அண்ணா, வணக்கம்.

போன வாரம் பேசியபோது மகளின் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கீழே போய்ப் படிச்சா நம்ம பழக்கத்தை விட்டுடும், ஊருல பேசுவாங்க" என்பதையே மூன்று முறை சொன்னீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய பிள்ளைகள் சிலர், விடுதியில் மற்றவர்கள் செய்த கேலிக்குப் பயந்து, ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். உங்கள் மகள் அப்படிக் கூசுகிறவள் இல்லை. தேன் எடுப்பதைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நான்தான் குறித்துக்கொண்டேன்.

அவள் கேட்கும் பி.எஸ்சி. வனவியல் அவளுக்கென்றே அமைந்த படிப்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு வருடம். 2006 வன உரிமைச் சட்டம் தேனையும் கடுக்காயையும் சேகரித்து விற்க உங்கள் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதைக் கிராம சபையில் எடுத்துப் பேச ஊர்ப் பிள்ளை ஒன்று வேண்டாமா? பழக்கத்தைக் காப்பாற்றக் காடு கையில் இருக்க வேண்டும், அண்ணா.

முதல் வேலை சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது; கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள், இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இது கையில் இல்லாமல் நல்ல மதிப்பெண்ணோடு இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்ததால் அந்தக் கல்லூரிக்கான வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5% ஒதுக்கீட்டுக்கும் அவள் தகுதியானவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

கல்யாணப் பேச்சைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை. மாமன் வீட்டார் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் இப்போது அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

ஊர்த் திருவிழாவுக்கு அவள் வந்தே ஆக வேண்டும் என்றீர்கள். நியாயம்தான். சேரும் அன்றே தேதியைச் சொல்லி விடுதிக் காப்பாளரிடம் நாமே பேசிவிடலாம்.

அடுத்த முறை வரும்போது அண்ணியையும் அழைத்து வாருங்கள். அன்று அவர் வாயே திறக்கவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும்.