இடுப்பு பெல்ட் போதுமா?

கேள்வி: என் தம்பி உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, கயிற்றின் கொக்கியைக் கால்மாட்டில் இருக்கும் சாரத்துக் கம்பியில் மாட்டிக்கொள்கிறான். விழுந்தாலும் தொங்குவேனே தவிர ஒன்றும் ஆகாது என்கிறான். சரியா?
- வாசகி, திருகோணமலை

பதில்: சரியில்லை, தங்கச்சி. விளிம்புக்குப் போகாமல் ஆளை இழுத்து வைப்பதற்குத்தான் இடுப்பு பெல்ட். விழுகிறவரை அது பிடித்தால் மொத்த அதிர்வும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், ஈரல் கிழியலாம், ஆளே பெல்ட்டிலிருந்து நழுவியும் போகலாம். விழுகிறவரைத் தாங்க அதைப் பாவிப்பதை அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். வேண்டியது முழு உடல் ஹார்னஸ். அதன் வார்கள் தோளையும் தொடைகளையும் சுற்றிப் போவதால் அடி இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் பிரிந்து போகும், கயிறு மாட்டும் வளையம் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருப்பதால் ஆள் நிமிர்ந்தே தொங்குவார். வாங்கித் தர வேண்டியவர் கொந்தராத்துக்காரர், தம்பி இல்லை.

எனக்கு அதைவிடப் பயம் அந்தக் கால்மாட்டுக் கம்பிதான். கயிறு 2 மீட்டர் என்று வையுங்கள். முதுகு வளையம் பாதத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும், ஆக கயிறு இறுகும் முன்பே மூன்றரை மீட்டர் விழுந்துவிடுவார், முதலாம் மாடி உயரத்தில் நிற்பவரென்றால் அதற்குள் தரை வந்துவிடும். கயிற்றோடு அதிர்வு தாங்கி இருந்தால் அதன் தையல் பிரிந்து பிரிந்து விசையை வாங்கிக்கொள்ளும், ஐரோப்பியத் தரப்படி உடலுக்கு வரும் விசை 6 கிலோநியூட்டனை, அதாவது சுமார் 600 கிலோ பாரத்தைத் தாண்டாது. ஆனால் அந்தத் தாங்கியே 1.75 மீட்டர் வரை நீளலாம், அப்போது பாதுகாப்புக்கு ஒரு மீட்டரையும் சேர்த்தால் கொக்கிக்குக் கீழே ஆறு மீட்டருக்கு மேல் வெறும் இடம் வேண்டும். தலைக்கு மேலே, கொங்கிரீட் பீம் மாதிரி அசையாத ஒன்றில் மாட்டினால் இந்தக் கணக்கு பெரிதும் குறையும். சாரத்துக் கம்பியை நம்ப வேண்டாம், அது ஆளோடு சேர்ந்து வரும்.

நம்மூர் உப்புக் காற்று கொக்கியைத் துருப்பிடிக்க வைக்கும், வெயில் வாரை நைந்துபோகச் செய்யும், தினமும் மாட்டும் முன் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஆளைத் தாங்கிய ஹார்னஸ் பார்க்கப் புதிது போலவே இருக்கும், இருந்தாலும் வீசத்தான் வேண்டும்.

அப்புறம், தொங்குகிறவரைச் சீக்கிரம் இறக்க வேண்டும். கால் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஏணி எங்கே, யார் ஏறுவது என்பதைக் காலையில் வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.