கதவைப் பூட்ட மறக்கிற பையன்

கேள்வி: விடியற்காலை ஐந்து மணி ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவள் நான். மகனுக்கு 13 வயது. ஆட்டை மாற்றிக் கட்டு, தண்ணீர் பிடி, கதவைப் பூட்டு என்று மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான். செல்போனில் கேம் என்றால் மட்டும் இரண்டு மணி நேரம் அசைய மாட்டான். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார் என்கிறார்கள். எடுக்கலாமா டாக்டர்?
(வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: வேண்டாம்மா, காசு மிச்சம். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 12,000 பேரைச் சேர்த்து வருடக்கணக்காக ஸ்கேன் எடுத்து வருகிறார்கள், அதில் கிடைப்பது கூட்டத்தின் சராசரிதான். ஒரு படத்தைப் பார்த்து இந்தப் பையன் ஏன் பூட்டவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று வயதுக் குழந்தையிடம் நிறமும் வடிவமும் வேறு வேறான படச் சீட்டுகளைக் கொடுத்து நிறப்படி பிரிக்கச் சொல்லுங்கள், பிரிக்கும். இப்போது வடிவப்படி என்று மாற்றினால், விதியைக் கேட்டால் சரியாகச் சொல்லும், ஆனால் கை பழைய குவியலுக்கே போகும். ஐந்து வயதில் பெரும்பாலும் சரியாகிவிடும். தெரிவது வேறு, செய்வது வேறு. உங்கள் பையனுக்கும் மூன்று வேலையும் தெரியும், கேட்டுப் பாருங்கள், ஒப்பிப்பான்.

சொன்னதை நினைவில் வைப்பது, ஆசையை அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இதெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி தனியாகச் செய்கிற வேலை இல்லை, தூரத்துப் பகுதிகளோடு அது பேசியாக வேண்டும். ஆறு வயதிலேயே மூளை பெரியவர்கள் அளவில் 90 சதவீதம் வந்துவிடுகிறது, ஆனால் அந்த இணைப்பு நரம்புகளுக்கு ஒயர் மேல் ரப்பர் மாதிரி மயலின் என்ற கொழுப்பு உறை ஏறுவது இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. கேமில் நொடிக்கு நொடி அடுத்தது என்ன என்று திரையே சொல்லிவிடும், இவன் எதையும் மனதில் சுமக்க வேண்டியதில்லை. கதவு அப்படிக் கூப்பிடாதே.

அதனால் கதவைப் பேச வையுங்கள். உள்பக்கம் சாக்பீஸால் மூன்றையும் எழுதுங்கள், பூட்டைப் புத்தகப் பைக்குள் போட்டுவிடுங்கள். அப்புறம் தூக்கம்: இந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், நீங்கள் நாலு மணிக்கு விளக்கைப் போடும்போது அவனும் விழிக்கிறானா என்று கவனியுங்கள்.

பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் இப்படித்தான் என்றால் மட்டும் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவரும் ஸ்கேன் கேட்க மாட்டார், உங்களிடமும் வாத்தியாரிடமும்தான் கேட்பார்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மூளை குழம்பாதா?

பதில்: குழம்பாது. இரண்டு மொழி பேசினால் கவனம் கூடும் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள், பிறகு வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எப்படியும் நஷ்டமில்லை, பேசட்டும்.