வரிசையைப் பார்த்துச் சேர்ந்த வரிசை

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளை இருக்கிறது. ‘நாளைக்குத் திறக்க மாட்டாங்களாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது. மறுநாள் விடிவதற்குள் வாசலில் கூட்டம். என் மாமியார் மூன்று லட்சம் ரூபாய் டெபாசிட்டை முறித்து எடுத்து வந்துவிட்டார். வங்கி இன்றும் நன்றாகத்தான் நடக்கிறது. ஒரு புரளியை இத்தனை பேர் எப்படி நம்புகிறார்கள்? இது அறியாமைதானே? பணம் பீரோவில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரி,

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த வங்கியும் டெபாசிட் பணத்தைக் கல்லாவில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதி கடனாகவும் அரசுப் பத்திரங்களாகவும் வெளியே இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் திணறும். அப்போது முதலில் நின்றவருக்குக் கிடைக்கும், கடைசியில் நின்றவர் காத்திருக்க வேண்டும். புரளி பொய் என்று தெரிந்தவருக்கும், பக்கத்து வீட்டார் நம்பிவிட்டார்கள் என்றால் வரிசையில் நிற்பதே லாபம். இப்படி எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்க ஓடுவதை ‘வங்கி ஓட்டம்’ என்பார்கள். அதன் கொடுமை இதுதான். தனித்தனியே பார்த்தால் யார் செய்வதும் தவறில்லை, எல்லோரும் சேர்ந்தால் வங்கி விழுகிறது.

இதற்கு அடிமுதல் நுனிவரை துப்புத் துலக்கப்பட்ட ஒரு வழக்கு ஜப்பானில் இருக்கிறது. ஐச்சி மாகாணத்தில் டொயோகாவா ஷிங்கின் வங்கி என்று ஒன்று. நம் ஊர்க் கூட்டுறவு வங்கி மாதிரி உறுப்பினர்களுக்குச் சொந்தமான சிறிய வங்கி. 1973 டிசம்பர் 8, சனிக்கிழமை. உள்ளூர் ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு அந்த வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. ‘வங்கி வேலை ஆபத்தாச்சே’ என்று தோழிகள் சீண்டுகிறார்கள். கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்ற பொருளில் சொன்னது. அவள் வீட்டுக்குப் போய் உறவினரிடம், ‘அந்த வங்கி ஆபத்தா?’ என்று கேட்கிறாள். அவர் இன்னொரு உறவினருக்கு ஃபோன் செய்து விசாரிக்கிறார். அங்கிருந்து அழகு நிலையம், அக்கம்பக்கத்துப் பெண்கள், கோசகாய் என்ற சிற்றூரில் ஒரு சலவைக் கடை. ஒவ்வொரு கை மாறும்போதும் கேள்விக்குறி தேய்ந்துகொண்டே வந்தது.

13ஆம் தேதி அந்தச் சலவைக் கடைக்கு வந்த ஒருவர் அங்கிருந்த ஃபோனில், அந்த வங்கியிலிருந்து 12 லட்சம் யென் எடுத்துவரும்படி தன் மனைவியிடம் சொன்னார். அவருக்குப் புரளியே தெரியாது, தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டது. கடைக்காரர் குடும்பத்துக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. உடனே 18 லட்சம் யென்னை எடுத்தார்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். அன்று மட்டும் கோசகாய் கிளையில் 59 பேர் சுமார் 5 கோடி யென் எடுத்தார்கள். அடுத்த நாட்களில் போன தொகை நூறு கோடி யென்னைத் தாண்டியது.

அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே பகுதியில் ஒரு நிதி நிறுவனம் நிஜமாகவே மூழ்கியிருந்தது, பணம் இழந்தவர்களில் அவரும் ஒருவர். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியில் ஜப்பானியர்கள் கழிவறைக் காகிதத்துக்கே கடைகளில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை சூடு கண்டவர்களிடம் ‘அமைதியாக இருங்கள்’ என்று சொல்லி என்ன பயன்?

வங்கியின் அவசரமும் எண்ணெய் ஊற்றியது. கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப, பத்தாயிரம் யென்னுக்குக் கீழ்ப்பட்ட சில்லறையை விட்டுவிட்டு மீதியை மட்டும் கொடுத்தார்கள். முழுப் பணமும் தரமாட்டார்கள் என்று வெளியே பேச்சாகிவிட்டது. வங்கி கொடுத்த மறுப்பும் திரிந்தது. ஊழியர் கையாடல், தலைவர் தற்கொலை என்று கிளைக்கதைகள் முளைத்தன. கடைசியில் ஜப்பான் மத்திய வங்கி உத்தரவாதம் சொன்னது. நகோயாவிலிருந்து வந்த நோட்டுக்கட்டுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கி வைத்தார்கள். புரளி வந்த வழியை விசாரித்துக் காவல்துறை வெளியிட்டது. அதன்பின் வேகம் அடங்கியது.

உங்கள் தெருவில் கூட்டம் பெருகியதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 12 பேர். இரண்டு கவுன்ட்டர், ஆறு மணி நேரம் என்றால் 144 பேர். இருநூறு பேர் வந்தாலே வாசலில் மிச்சம் நிற்கும், பணம் எவ்வளவு இருந்தாலும். அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் போகிறவர் வருகிறவர் சேர்கிறார்கள். அதனால் மேலாளர் அன்று செய்ய வேண்டியது: எல்லாக் கவுன்ட்டரையும் திறப்பது, வரிசையைத் தெருவில் விடாமல் உள்ளே உட்கார வைப்பது, கேட்ட தொகையைப் பைசா குறையாமல் கொடுப்பது, பணம் தீருமுன்பே கரன்சி செஸ்ட்டிலிருந்து (வங்கிக் கிளைகளுக்கு நோட்டு அனுப்பும் பணக் கிடங்கு) வரவழைப்பது, நேரம் முடிந்தாலும் ஷட்டரை இறக்காமல் இருப்பது. பாதியில் இறங்கிய ஷட்டரின் ஒரு புகைப்படம் போதும், மணலி, எண்ணூர்வரை பரவிவிடும்.

எல்லாப் பேச்சும் புரளி என்றும் சொல்ல மாட்டேன். 1906 அக்டோபர் 22 அன்று இதே சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற ஆங்கிலேயர் வங்கி கதவைச் சாத்தியபோது அது உள்ளுக்குள் நிஜமாகவே திவாலாகியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தபின், வங்கி விழுந்தாலும் டெபாசிட் போட்டவருக்கு ஒரு வரம்புவரை பணம் கிடைக்கச் செய்யும் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962இல் ஆளுக்கு 1,500 ரூபாயில் தொடங்கிய காப்பீடு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம்.

மாமியாரின் பணத்துக்கு வருவோம். 5 லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் பணப்பட்டுவாடாவை நிறுத்தினால் காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் வர வேண்டும் என்று 2021 திருத்தம் சொல்கிறது. ஆனால் பெயர்ப்பலகையைக் கவனித்துப் படியுங்கள். கூட்டுறவு நகர வங்கி என்றால் இந்தக் காப்பீடு உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கம் என்றால் கிடையாது. நிதி கம்பெனிக்கும் சீட்டுக்கும் கிடையாது. சந்தேகம் இருந்தால் டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் (DICGC) இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பணத்தை அங்கேயே திரும்பப் போடலாம். முறித்ததற்காகப் பிடித்த வட்டி போனது போனதுதான். அந்த வாசலை மறுபடி மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை என்றால் அஞ்சலகத்தில் போடச் சொல்லுங்கள், அங்கே அரசே பொறுப்பு. பீரோவில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். பீரோவில் பணம் இருப்பது தெரிந்தால் ‘மாசம் மூணு வட்டி தர்றேன்’ என்று கடன் கேட்டு யாராவது வருவார்கள்.