போனில் பின்னால் கேட்கும் பேச்சு: கேள்வி பதில்

போன் ஆடியோவில் வேலை பார்ப்பவன் நான். கேளுங்கள் என்றதும் வந்ததில் சில.

கேள்வி: அண்ணா, டிவி ஓடும்போதுதான் தங்கையோடு பேசுவேன். எனக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. அவளோ "முதலில் டிவியை அணை" என்கிறாள். சும்மா சொல்கிறாளா?

பதில்: தங்கை சொல்வதுதான் சரி. டிவி சத்தம் ஒரு காதுக்குத் துளி முந்தியும் மற்றதற்குத் துளி பிந்தியும் வரும். அதை வைத்தே மூளை அதை ஓரங்கட்டிவிடும். 1953-ல் காலின் செரி என்ற ஆய்வாளர் சோதித்தபோது, இரண்டு பேச்சைக் கலந்து கேட்டவர்கள் பிரிக்கத் திணறினார்கள். ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் மற்றது என்று கொடுத்ததும் சுலபமாகப் பிரித்தார்கள். போன் எல்லாவற்றையும் ஒரே குரலாகக் குழைத்து அனுப்புகிறது. உங்கள் மூளை செய்யும் வேலையைத் தங்கையின் மூளையால் செய்ய முடியாது.

கேள்வி: ஃபேன் சத்தம் எதிர்முனைக்குப் போகவே மாட்டேன் என்கிறது, ஆனால் அடுத்த அறையில் அம்மா பேசுவது வார்த்தை வார்த்தையாகப் போகிறதாம். எப்படி?

பதில்: ஃபேன் ஒரே சுதியில் ஓடுவதால் மென்பொருள் "இது இரைச்சல்" என்று எளிதில் கழித்துவிடும். அம்மா பேசுவதும் பேச்சு, நீங்கள் பேசுவதும் பேச்சு. எதை வெட்டுவது? அதற்குத்தான் பல போன்களில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மைக் இருக்கிறது. கீழ் மைக்குக்கு உங்கள் வாய் மிக அருகில், அதனால் உங்கள் குரல் அங்கே ஓங்கிக் கேட்கும். அம்மா தூரத்தில், இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த வித்தியாசம்தான் பிடிமானம். போனைக் கையில் தூக்கிப்பிடித்து ஸ்பீக்கரில் பேசினால் அது கரைந்துபோகும். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். போன் கவர், மேலே உள்ள மைக்கை மூடியிருந்தாலும் இதே கதைதான். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஐபோனில் 2023 முதல் சாதாரண அழைப்புக்கும் 'வாய்ஸ் ஐசொலேஷன்' (சுற்றுச் சத்தத்தை ஒதுக்கி உங்கள் குரலை முன்னிறுத்தும் வசதி) உண்டு, போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சார், நடுவில் யாரோ இருவர் மெலிதாகப் பேசுவது கேட்டது. கிராஸ் டாக்கா?

பதில்: அநேகமாக எதிர்முனை அறையில் இருந்தவர்கள். கிராஸ் டாக், அதாவது ஒரு லைனின் பேச்சு இன்னொன்றில் கசிவது, பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கம்பிகளின் வியாதி. டிஜிட்டல் போனில் குரல் 20 மில்லி செகண்ட் துண்டுகளாக, எண்களாகப் போகிறது. அது மெலிதாகக் கசியாது. தப்பான இடத்துக்குப் போனால் முழுசாகவே கேட்கும், இல்லையென்றால் குப்பையாகக் கேட்கும்.

கேள்வி: பக்கத்து சீட்டில் ஒருவர் போன் பேசினால் ஏன் இரண்டு பேர் பேசுவதைவிட எரிச்சல்?

பதில்: பாதிதான் கேட்கிறது, மீதியை மூளை ஊகிக்கப் போகிறது. 2010-ல் கார்னெல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள்: பாதி உரையாடல் கேட்டவர்களின் கவனம்தான் அதிகம் சிதறியது.

கேள்வி: கஸ்டமர் கேரில் காத்திருக்கும்போது பாட்டு ஓடுகிறதே, அப்போது நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்குமா?

பதில்: பாட்டு உங்கள் காதுக்கு. உங்கள் மைக் திறந்தே இருக்கிறது, மியூட் போடாவிட்டால் பதிவில் விழலாம். ஒருமுறை பாட்டு ஓடும்போது மனைவியிடம் "இந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியல" என்று முணுமுணுத்தேன். பாட்டு நின்றதும் அந்தத் தம்பி, "தெரிஞ்சவங்ககிட்ட மாத்தி விடட்டுமா சார்?" என்றார்.