வேதியியலை விடுவதற்கு முன் ஒரு தாளில் வட்டம் போடச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, இயற்பியலும் பரவாயில்லை, வேதியியலில் மட்டும் தேர்வுக்குத் தேர்வு மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது, ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து படித்தும் பலன் இல்லை, "எனக்கு இது வராது, விட்டுடறேன்" என்கிறான், விடச் சொல்லலாமா, விட்டால் நாளைக்கு எந்தெந்தப் படிப்புக்குப் போக முடியாமல் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு விட வேண்டாம். அதே சமயம் இன்னும் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து படி என்றும் சொல்லாதீர்கள். முதலில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதைப் படமாக வரையச் சொல்லுங்கள். ஓர் அணுவுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். அவனுக்கு உண்மையில் எங்கே இடறுகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு மாணவி 2எச்2 + ஓ2 → 2எச்2ஓ என்று சமன்பாட்டைப் பிசகில்லாமல் எழுதினாள். சரி, இதையே வட்டம் போட்டுக் காட்டும்மா என்றதும், நான்கு ஹைட்ரஜன் வட்டங்களையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே சங்கிலியாகப் போட்டாள். முன்னால் இருக்கிற 2-க்கும் எழுத்துக்குக் கீழே சின்னதாக இருக்கிற 2-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டையும் பெருக்கணும் சார்" என்றாள். பெருக்குவது சரிதான், ஆனால் எதை எண்ணுகிறோம் என்று அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. கீழே இருக்கும் 2, ஒரு மூலக்கூறுக்குள் இரண்டு அணுக்கள் பிணைந்திருப்பதைச் சொல்கிறது. முன்னால் இருக்கும் 2, அப்படிப்பட்ட மூலக்கூறுகள் தனித்தனியாக இரண்டு இருப்பதைச் சொல்கிறது. இது பிடிபடாத பிள்ளை சமன் செய்ய வராதபோது என்ன செய்யும் தெரியுமா, கீழே இருக்கிற எண்ணை மாற்றிவிடும். எச்2ஓ என்பதை எச்2ஓ2 ஆக்கிவிட்டால் இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகும், ஆனால் அது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. துணியையும் தலைமுடியையும் வெளுக்கப் பயன்படுத்தும் வேறு பொருள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டோன் இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கிறது: கண்ணுக்குத் தெரிவது, கண்ணுக்குத் தெரியாத அணு மூலக்கூறுகள், நாம் எழுதும் குறியீடு. பாடம் நடத்துகிறவருக்கு மூன்றும் பழகிப்போயிருக்கும், ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். கேட்கிற பிள்ளை மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மனப்பாடம் பண்ண ஆரம்பிக்கும். உங்கள் மகனுக்குக் கணக்கு வருகிறது என்றால் குறியீட்டைக் கையாள்வது அவனுக்குப் பிரச்சினையாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அந்த நடுத்தளம்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன், அது சரிசெய்யக்கூடிய குறை.

தம்பி, இதை நீயே படி, ஒரு மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா பார். திரியைச் சுற்றி மெழுகு உருகிச் சின்னக் குளம் போல நிற்கும், அது திரி வழியாக மேலே ஏறும், மேலே போனதும் சூட்டில் ஆவியாகும். இதுவரை மெழுகின் மூலக்கூறு ஒன்றுகூட மாறவில்லை, முதலில் நெருக்கமாக அடுக்கியிருந்தவை நகர ஆரம்பித்தன, பிறகு பிரிந்து பறந்தன, அவ்வளவுதான். இதைத்தான் புத்தகம் இயற்பியல் மாற்றம் என்கிறது. இப்போது சுடரை ஊதி அணை. திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் படாமல், அந்தப் புகையில் மட்டும் காட்டு. சுடர் புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரியும் இல்லை, கட்டி மெழுகும் இல்லை, மெழுகின் ஆவி என்பதை உன் கண்ணாலேயே பார்த்துவிட்டாய்.

அப்புறம், உலர்ந்த குளிர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைச் சுடருக்கு மேலே, தொடாமல், கவிழ்த்துப் பிடி. உள்பக்கம் மங்கலாகும். விரலால் தொட்டுப் பார், ஈரம். நெருப்பிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது! மெழுகில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். அந்த ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது, கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. பழைய பிணைப்புகள் விட்டுப்போய்ப் புதிய பிணைப்புகள் வந்தன, அதுதான் வேதிவினை. ஒரு கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் காட்டினால் கரி படியும், அது முழுதாக எரியாத கார்பன். மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளை இந்த மெழுகுவர்த்தியைச் சுற்றியே நடத்தினார், அவ்வளவு விஷயம் இதற்குள் இருக்கிறது.

ஒரு கேள்வி. மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்ததும் மெழுகு எங்கே போனது? "எரிஞ்சு போச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும், அதாவது இல்லாமல் போய்விட்டது என்கிற எண்ணம். ஒரு கிராம் மெழுகு முழுதாக எரிய ஏறக்குறைய மூன்றரை கிராம் ஆக்சிஜன் வேண்டும், எரிந்தபின் மூன்று கிராமுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடும் ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல் தண்ணீரும் மிஞ்சும். கூட்டிப் பார், போனதும் வந்ததும் சமமாக இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் தராசை நம்பி நிறுவியது இதைத்தான், சமன்பாட்டை நாம் சமன் செய்வதற்கும் இதுவே காரணம். அணு ஒன்றும் காணாமல் போகாது, புதிதாகவும் முளைக்காது, ஆள் மாறி உட்காரும். இது மனதில் பதிந்தால் சமன் செய்வது விதியாகத் தெரியாது, கணக்கு சரிபார்ப்பதாகத் தெரியும், அது உனக்கு ஏற்கெனவே வரும்.

தனிம அட்டவணையின் 118 தனிமங்களையும் உருப்போட வேண்டாம், முதல் இருபது போதும், ஆனால் அவற்றின் எலக்ட்ரான் அடுக்கை, அதாவது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை எலக்ட்ரான் என்பதை, எழுதிப் பார். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. ஒன்றுக்குக் கடைசி அடுக்கில் ஒரு எலக்ட்ரான் கூடுதலாக நிற்கிறது, இன்னொன்றுக்கு எட்டு ஆக ஒன்று குறைகிறது. தண்ணீரில் போட்டால் சீறும் உலோகமும், மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும் வாயுவும் ஓர் எலக்ட்ரான் கைமாறியதும் கடலில் கரைந்திருக்கிற உப்பாகிவிடுகின்றன. சேர்மம் என்பது அதன் தனிமங்களின் கலவை இல்லை, புதுப் பொருள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் அட்டவணை போட்டபோது இந்த எலக்ட்ரான் கதையெல்லாம் யாருக்கும் தெரியாது, எலக்ட்ரானே 1897-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் குணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து அவர் விட்ட காலி இடங்களில் காலியம் 1875-இலும் ஜெர்மானியம் 1886-இலும் வந்து உட்கார்ந்தன.

மோல் என்றாலே உனக்குப் பயம் என்று அம்மா எழுதியிருந்தார். வங்கியில் மூட்டை நாணயத்தை ஒவ்வொன்றாக எண்ணுவதற்குப் பதில் எடை போடலாம், ஒரு நாணயத்தின் எடை தெரிந்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். மோலும் அப்படித்தான், எடை போட்டு எண்ணுகிற வழி. 18 கிராம் தண்ணீர், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல், ஒரு மோல். அதில் 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. இப்போது மேலே வரைந்த வட்டங்களுக்குத் திரும்பிப் போ. இரண்டு மோல் ஹைட்ரஜன் 4 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம், கிடைக்கும் தண்ணீர் 36 கிராம். படத்தில் போட்ட அதே எண்ணிக்கைதான் தராசிலும் வருகிறது.

இனி அம்மாவுக்கு. விட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள் அல்லவா. மருத்துவம், மருந்தியல், செவிலியம், வேளாண்மை, உயிரித் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், வேதிப்பொறியியல், தடய அறிவியல், நீர் மற்றும் சுற்றுச்சூழல் பரிசோதனை, பேட்டரித் தொழில்நுட்பம், உலோகம் பிளாஸ்டிக் போன்ற பொருள்களை ஆராயும் பொருளறிவியல், இவற்றுக்கெல்லாம் வேதியியல் அடிப்படை வேண்டும். சட்டம், பொருளாதாரம், கணக்கியல், வடிவமைப்பு போன்றவற்றுக்கு வேண்டியதில்லை. கணினியும் பொறியியலின் மற்ற பிரிவுகளும் இடத்துக்கு இடம் மாறும், சேர நினைக்கும் கல்லூரியின் சேர்க்கை விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், அடுத்தவர் சொன்னதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பள்ளியில் ஒரு பாடத்தை விடுவது சுலபம், பிறகு மனம் மாறினால் அதை மறுபடி பிடிக்க ஒரு வருடமே போய்விடும். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

வேதியியலும் வேதிப்பொறியியலும் ஒன்றுதானே என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகனைப் போலக் கணக்கில் தெளிவான பிள்ளைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்க முடியும் என்று ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அதைத் தொழிற்சாலை ஆக்க கார்ல் போஷ் 1913 வரை உழைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனை இழுத்துக்கொள்ள, குழாய்கள் வெடித்தன. உள்ளே மென்மையான இரும்பால் ஒரு உறை போட்டுத்தான் சமாளித்தார். வினையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை டன் கணக்கில் பாதுகாப்பாக நடத்துவது இன்னொரு வேலை, இரண்டுக்கும் தனித்தனியே நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது வேலையில் வெப்பம், அழுத்தம், ஓட்டம் என்று இயற்பியலும் கணக்கும்தான் அதிகம். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே பிடிப்பது எட்டு மடங்காகும், வெப்பம் வெளியேற வேண்டிய மேல்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். இந்த மாதிரிக் கணக்கில் அவனுக்கு ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள்.

ஆய்வக வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறம் மாறுவதும் புகை வருவதுமாகத்தான் பிள்ளைகள் அதைக் கற்பனை செய்கிறார்கள். மருந்து, உணவு, தண்ணீர் பரிசோதனைக் கூடங்களில் அன்றாட வேலை என்பது ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப அளப்பது, கருவியைச் சரிபார்ப்பது, ஒரு எண் விடாமல் பதிவு செய்வது. பொறுமையும் நேர்மையும் உள்ள பிள்ளைகளுக்கு அது நிறைவான வேலை, அவர்கள் போடும் கையெழுத்தை நம்பித்தான் ஒரு மருந்து வெளியே போகிறது. உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். தினமும் அரை மணி நேரம், ஒரே ஒரு சமன்பாடு. முதலில் நடப்பதைச் சொந்த வார்த்தையில் எழுதட்டும், அடுத்து வட்டம் போடட்டும், கடைசியில்தான் குறியீடு. புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்கு விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது இங்கே நல்லதுதான், புரியாத இடத்தில் கூச்சமில்லாமல் ஏன் என்று கேட்பீர்கள். இந்த ஆறு வாரத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்குப் பிறகும் வட்டங்கள் அவனுக்கு வெறும் வட்டங்களாகவே இருந்தால், பிடிக்கவில்லை என்று அவன் தெளிவாகச் சொன்னால், விடட்டும், அப்போது நாம் மூவரும் உட்கார்ந்து வேதியியல் இல்லாத படிப்புகளைப் பார்க்கலாம். இன்றைக்கு அவன் வரைகிற முதல் தாளை மட்டும் அழித்துத் திருத்தாமல் அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.