பதில்: கர்லியின் மனைவியை எப்படி எழுதுவது?

ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில், பண்ணை முதலாளியின் மகனான கர்லியின் மனைவியைக் கொடுமைக்காரி என்பதா, பாவப்பட்டவள் என்பதா என்று தெரியாமல் கட்டுரை பாதியில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். அவளுடைய கொடுமை தனிமையிலிருந்து வருகிறது என்று காட்டுங்கள்.

பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் குரூக்ஸின் அறைக் காட்சியை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். அவள் வருவதற்கு முன்பே அங்கே ஒரு கொடுமை நடந்துவிடுகிறது. உன் நண்பன் ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு, மனவளர்ச்சி குன்றிய தொழிலாளி லென்னியைப் பதறவைக்கிறார் குரூக்ஸ். கறுப்பர் என்பதால் மற்ற தொழிலாளர்களோடு தங்கவிடாமல் ஒதுக்கப்பட்ட மனிதர் அவர். தன் வேதனையைப் புரியவைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். சற்று நேரத்தில் அவள் வந்து, நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிடுவேன் என்று அவரையே மிரட்டுகிறாள். 1930களின் அமெரிக்காவில் அது வெற்று மிரட்டல் இல்லை. அவள் மேல் இரக்கம் வந்தாலும், தயவுசெய்து இதை மழுப்பிவிடாதீர்கள்.

அப்புறம் கொட்டகைக் காட்சி. சினிமாவில் சேர்த்துவிடுவதாக ஒருவன் சொன்னது, கடிதம் வராமலே போனது, கர்லியைக் கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் லென்னியிடம் கொட்டுகிறாள். அவனோ தானும் ஜார்ஜும் வாங்க நினைக்கும் நிலத்தில் வளர்க்கப்போகும் முயல்களைப் பற்றியே பேசுகிறான். நாவலில் என் மனதை அதிகம் பிசைந்த இடம் இது.

பண்ணையின் முதிய தொழிலாளி கேண்டியையும் விடாதீர்கள். தன் 350 டாலரை நம்பி அந்த நிலக்கனவில் சேர்ந்தவர், கொட்டகையில் லென்னி கையால் தெரியாமல் இறந்துபோன அவளுடைய சடலத்தைப் பார்த்தே திட்டுகிறார். இதற்கு ஒரு பத்தி போதும்.

ஸ்டைன்பெக் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. கட்டுரையை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.